இது ஸ்டார் ட்ரெக்கே இல்லை!

1987ஆம் வருடம், செப்டம்பர் மாதக் கடைசி. அமெரிக்க டிவியில் 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற புது சீரியல் ஆரம்பமானது. பழைய ஸ்டார் ட்ரெக் நின்று போய் அப்போது பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பதினெட்டு வருடமும் மறு ஒளிபரப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்து, வசனமெல்லாம் மனப்பாடம் ஆகிப்போன ஒரு பெரிய ரசிகர் கூட்டம் ஆவலோடு டிவி முன்னால் உட்கார்ந்தது.

பார்த்தால்... கேப்டனுக்கு வழுக்கைத் தலை! பிரெஞ்சுக்காரர் என்று கதை சொல்கிறது, வாயைத் திறந்தால் சுத்தமான இங்கிலாந்து ஆங்கிலம். பழைய கதையில் பரம எதிரியாக இருந்த க்ளிங்கான் இனத்தைச் சேர்ந்த ஒருவன் கப்பலின் மேல்தளத்தில் சீருடையோடு நிற்கிறான். கப்பலில் குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் வேறு. கிர்க் இல்லை, ஸ்பாக் இல்லை. "இது ஸ்டார் ட்ரெக்கே இல்லை" என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அதில் நிறையப் பேர் முதல் எபிசோடைப் பார்ப்பதற்கு முன்பே எழுதியவர்கள்.

இன்றைக்கு அதே சீரியல்தான், புதிதாக எந்த ஸ்டார் ட்ரெக் வந்தாலும் அதை அடிப்பதற்கு ரசிகர்கள் கையில் எடுக்கும் தடி. இது எப்படி நடந்தது என்பது சுவாரசியமான கதை.

ஸ்டார் ட்ரெக் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. ஜீன் ராடன்பெரி என்பவர் உருவாக்கியது. 23ஆம் நூற்றாண்டில் பூமியில் சண்டை, பசி, இனவெறி எல்லாம் ஒழிந்துவிட்டது. என்டர்பிரைஸ் என்ற விண்கப்பலில் பல நாட்டு, பல கிரகத்து ஆட்கள் ஒன்றாகப் பயணம் போகிறார்கள். இதுதான் அடிப்படை. 1966 செப்டம்பர் 8 அன்று என்பிசி சேனலில் ஆரம்பித்தது. வரவேற்பு சுமார்தான். இரண்டாவது சீசனோடு நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு வந்தபோது, பியோ ட்ரிம்பிள், ஜான் ட்ரிம்பிள் என்ற ரசிகத் தம்பதி கடிதம் எழுதும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1968 ஜனவரியில் கால்டெக் மாணவர்கள் பதாகை பிடித்துக்கொண்டு என்பிசி ஸ்டூடியோ வாசலுக்கு ஊர்வலம் போனார்கள். மார்ச் 1 அன்று எபிசோட் முடிந்ததும், சீரியல் தொடரும், தயவுசெய்து கடிதம் எழுதுவதை நிறுத்துங்கள் என்ற பொருளில் சேனலே அறிவிப்பு செய்ய வேண்டியிருந்தது.

ரசிகர்களுக்கு வெற்றி. ஆனால் கிடைத்த மூன்றாவது சீசன் எப்படி இருந்தது? பட்ஜெட்டைக் குறைத்தார்கள். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளினார்கள். இளவட்டங்கள் வீட்டில் இருக்காத நேரம் அது. ராடன்பெரி அன்றாட வேலையிலிருந்து ஒதுங்கிக்கொள்ள, தயாரிப்புப் பொறுப்பு ஃப்ரெட் ஃப்ரைபெர்கர் கைக்குப் போனது. அந்த சீசனின் முதல் எபிசோடில் ஸ்பாக்கின் மூளையை யாரோ திருடிக்கொண்டு போய்விடுகிறார்கள். மூளை இல்லாத ஸ்பாக்கை ரிமோட் வைத்து நடக்க வைத்துக் கூட்டிக்கொண்டு மற்றவர்கள் மூளையைத் தேடுகிறார்கள். போராடிக் காப்பாற்றிய ரசிகர்கள் இதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள்! ஆக, 'பழசு போல இல்லை' என்ற முனகல் 1987இல் ஆரம்பித்தது அல்ல. 1968லேயே, அதே நடிகர்கள் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டது.

1969 ஜூனில் சீரியல் நின்றது. மொத்தம் 79 எபிசோட். அதன் பிறகுதான் உள்ளூர்ச் சேனல்களின் மறு ஒளிபரப்பில் அது உண்மையான வெற்றி பெற்றது. 1972 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த ரசிகர் மாநாட்டுக்கு, ஏற்பாட்டாளர்கள் எதிர்பார்த்ததைப் போலப் பல மடங்கு கூட்டம் வந்தது. 1976இல் நாசாவின் முதல் விண்ணோடத்துக்கு என்டர்பிரைஸ் என்று பெயர் வைக்க வேண்டும் என்று ரசிகர்கள் வெள்ளை மாளிகைக்குக் கடிதம் எழுதி, அதையும் சாதித்தார்கள்.

1979இல் முதல் சினிமா வந்தது. (நம்மூர்த் தொடர்பு ஒன்று: இதில் தலையை மொட்டையடித்துக்கொண்டு ஐலியா என்ற வேடத்தில் நடித்தவர் மும்பையின் பெர்சிஸ் கம்பாட்டா, 1965இன் மிஸ் இந்தியா.) படம் நன்றாக ஓடியது, ஆனால் கப்பல் மாதிரியே நிதானமாக நகர்கிறது என்று புகார். அடுத்த படத்துக்கு ராடன்பெரியை ஆலோசகர் என்ற பெயரில் ஓரமாக உட்கார வைத்துவிட்டு, ஹார்வ் பென்னட்டும் இயக்குநர் நிக்கலஸ் மேயரும் எடுத்த படம்தான் 1982இன் 'தி ராத் ஆஃப் கான்'. ஸ்பாக் சாகப் போகிறார் என்ற செய்தி முன்கூட்டியே கசிந்து ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். மேயர் என்ன செய்தார் தெரியுமா? படத்தின் முதல் சில நிமிடங்களிலேயே ஒரு பயிற்சிக் காட்சி வைத்து, அதில் ஸ்பாக்கைப் பொய்யாகச் சாக வைத்தார். 'ஓ, இதுதானா அந்த வதந்தி' என்று தியேட்டரில் எல்லோரும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் நிஜமாகவே கொன்றார்.

இந்தப் படத்தைத்தான் ரசிகர்கள் பலர் ஸ்டார் ட்ரெக் படங்களிலேயே மிகச் சிறந்தது என்று சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், படம் ராணுவ வாடை அடிக்கிறது, இது என் ஸ்டார் ட்ரெக் இல்லை என்று எதிர்த்தவர்களில் முக்கியமானவர் ராடன்பெரியேதான்! பெற்றவரே பிள்ளையைத் தெரியாது என்று சொன்ன கதை. அதோடு விட்டாரா? 1973-74இல் வந்த கார்ட்டூன் தொடரையும் பிற்பாடு கணக்கில் சேராது என்று தள்ளி வைத்தார்கள். ஆனால் கேப்டன் கிர்க்கின் நடுப்பெயர் டைபீரியஸ் என்பது திரையில் முதலில் வந்தது அந்தக் கார்ட்டூனில்தான். 1991இன் ஆறாவது படத்தில் அதையே எடுத்துக்கொண்டார்கள். எது 'உண்மையான' ஸ்டார் ட்ரெக் என்பதற்கு உருவாக்கியவரிடமே உறுதியான கோடு இருந்ததில்லை.

சரி, வழுக்கைத் தலை கேப்டனிடம் திரும்புவோம். பாட்ரிக் ஸ்டூவர்ட் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்துப் பழகியவர். இது ஓடாது என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னதால், ஆரம்பத்தில் பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்காமல் ஊருக்குத் திரும்பத் தயாராக இருந்தாராம்.

உண்மையைச் சொன்னால், அன்றைய புகார்களில் பாதி நியாயமானவை. முதல் இரண்டு சீசனை இன்றைக்குப் பார்த்தாலும் கொட்டாவி வருகிறது. இரண்டாவது கதையே 1966இல் வந்த ஒரு பழைய கதையின் மறுபதிப்பு. எதிர்கால மனிதர்கள் தங்களுக்குள் சண்டை போட மாட்டார்கள் என்று ராடன்பெரி விதி வைத்திருந்தார். சண்டையே இல்லாவிட்டால் நாடகம் எப்படி எழுதுவது? எழுத்தாளர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓடினார்கள். 1988இல் எழுத்தாளர் வேலைநிறுத்தம் வேறு.

மாற்றம் 1989இல் மைக்கேல் பில்லர் என்பவர் எழுத்துப் பிரிவின் தலைமைக்கு வந்ததும் தொடங்கியது. சண்டை கூடாதென்றால் போகட்டும், ஒவ்வொரு கதையும் கப்பலில் உள்ள ஒருவரின் மனசைப் பற்றியதாக இருக்கட்டும் என்றார். இன்னொன்றும் செய்தார். ஏஜென்ட் இல்லாத வெளியாட்கள் அனுப்பும் கதைகளையும் வாங்கிப் படிப்பது என்று கதவைத் திறந்து விட்டார். அப்படி உள்ளே வந்த ஒருவர் ரொனால்ட் டி. மூர். சிறு வயதிலிருந்து கிர்க்கைப் பார்த்து வளர்ந்த ரசிகர்.

1990 ஜூனில் மூன்றாவது சீசனின் கடைசி எபிசோட். கேப்டன் பிகார்டை போர்க் என்ற இயந்திர இனம் பிடித்துக்கொண்டு போய்த் தங்களில் ஒருவனாக மாற்றிவிடுகிறது. அவருடைய உதவியாளரான ரைக்கர், அவரை நோக்கியே சுடச் சொல்லி உத்தரவு கொடுக்கிறார். 'தொடரும்' என்று போட்டுவிட்டார்கள்! செப்டம்பர் வரை மூன்று மாதம் காத்திருப்பு. பிகார்ட் செத்துவிடுவாரா, ரைக்கர் கேப்டன் ஆவாரா என்று அந்தக் கோடை முழுக்க இதே பேச்சு. மூன்று வருடம் முன்பு அந்த வழுக்கைத் தலையரை வேண்டாம் என்றவர்களும் இப்போது அவர் பிழைக்க வேண்டுமே என்று தவித்தார்கள். 'கிர்க்கா, பிகார்டா' என்பது அதன் பிறகு சமமான இருவரைப் பற்றிய பட்டிமன்றம் ஆனது.

அந்தப் பட்டிமன்றத்துக்கு 1994இல் 'ஜெனரேஷன்ஸ்' படத்தில் இருவரையும் சேர்த்து வைத்தார்கள். கிர்க் சாக வேண்டும் என்று முடிவு. எழுதியவர்கள் இருவர், ஒருவர் பிரானன் பிராகா, மற்றவர் மேலே சொன்ன அதே ரொனால்ட் மூர். முதலில் எடுத்த முடிவில் வில்லன் கிர்க்கை முதுகில் சுட்டுக் கொல்கிறான். சோதனைக் காட்சியில் பார்த்தவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை; செலவு செய்து வேறு மாதிரி திரும்ப எடுத்தார்கள். அதுவும் பலருக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். நாயகனைப் பாலத்தோடு விழ வைத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

இதற்கு நடுவில் 1993 ஜனவரியில் 'டீப் ஸ்பேஸ் நைன்'. இந்த வரலாற்றிலேயே மிக அநியாயமாக அடி வாங்கியது இதுதான். கதை நடப்பது கப்பலில் அல்ல, ஒரே இடத்தில் நிற்கும் விண்வெளி நிலையத்தில். 'ட்ரெக்' என்றால் பயணம். எங்கேயும் போகாத ட்ரெக் என்ன ட்ரெக் என்று கிண்டல். ஏறக்குறைய அதே நேரத்தில் 'பாபிலோன் 5' என்ற இன்னொரு விண்வெளி நிலைய சீரியலும் வந்ததால், யாரைப் பார்த்து யார் காப்பி அடித்தார் என்று இரண்டு தரப்பு ரசிகர்களும் வருடக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். நிலையத் தலைவர் சிஸ்கோ மனைவியை இழந்த, மகனைத் தனியாக வளர்க்கும் ஒரு கறுப்பின அப்பா. நண்பர்களுக்குள் சண்டை உண்டு, மதம் உண்டு, பண ஆசை உண்டு. பிற்பாடு பல சீசன்களுக்கு நீளும் போரும் வந்தது. ராடன்பெரி 1991 அக்டோபரிலேயே இறந்துவிட்டார். அவர் இருந்திருந்தால் இதை அனுமதித்திருக்கவே மாட்டார் என்பது எதிர்ப்பாளர்களின் பெரிய ஆயுதம்.

1998 ஏப்ரலில் வந்த ஒரு எபிசோட் இந்த வாதத்தின் மையப்புள்ளி. போரில் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள். ராமுலன் இனம் தங்கள் பக்கம் சேர்ந்தால்தான் பிழைக்க முடியும். அதற்காக சிஸ்கோ பொய்ச் சாட்சியம் தயாரிக்கிறார். காரியம் கைமீறிக் கொலையில் முடிகிறது. ராமுலன்கள் போரில் இறங்குகிறார்கள், லட்சக்கணக்கான உயிர்கள் பிழைக்கும். கடைசியில் தனியாக உட்கார்ந்து கேமராவைப் பார்த்து, இதோடு என்னால் வாழ முடியும் என்று சொல்லிவிட்டு, அந்தப் பதிவை அழித்துவிடுகிறார். நல்லவர்களைப் பற்றிய கதையில் நல்லவன் இப்படிச் செய்யலாமா? செய்யக்கூடாது, இதுதான் துரோகம் என்றது ஒரு கட்சி. நல்லவனாக இருப்பது சுலபமில்லை என்று காட்டியதால்தான் இது ஸ்டார் ட்ரெக் என்றது மறு கட்சி. இரண்டு பக்கமும் தலைப்பைப் புரிந்துகொண்டு பேசிய அபூர்வமான சண்டை இது. சீருடை நிறம், கப்பல் வடிவம் என்று மயிர் பிளக்கும் மற்ற சண்டைகளோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும்.

காலம் சிஸ்கோ பக்கம் சாய்ந்தது. வாரம் ஒன்று பார்த்தபோது குழப்பிய தொடர்கதை, எல்லா எபிசோடையும் வரிசையாகப் பார்க்கும் வசதி வந்தபின் பலமாக மாறியது. பல வருடம் கழித்து ரசிகர்களின் பணத்தில் ஒரு ஆவணப்படம் எடுத்தார்கள் (2019இல் தியேட்டருக்கு வந்தது). அதில் அந்தக் காலத்தில் வந்த வசைகளை நடிகர்களே சிரித்துக்கொண்டு வாசித்துக் காட்டுகிறார்கள்.

ஆனால் 'முதலில் திட்டுவார்கள், பிறகு கொண்டாடுவார்கள்' என்பதை விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1989இல் வில்லியம் ஷாட்னர் இயக்கிய ஐந்தாவது படத்தை இன்றுவரை தூக்கிப் பிடிப்பவர்கள் குறைவு. 2002இன் 'நெமசிஸ்' அப்படியே கிடக்கிறது. (இரட்டைப்படைப் படங்கள் நன்றாக இருக்கும், ஒற்றைப்படை சொதப்பும் என்று ரசிகர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். பத்தாவது படமான நெமசிஸ் அந்தக் கணக்கையும் கெடுத்துவிட்டது.) 1996இல் 'வாயேஜர்' தொடரில் ஒரு எபிசோட்: எல்லையற்ற வேகத்தில் பறந்த கேப்டனும் கப்பலை ஓட்டும் பைலட்டும் பெரிய பல்லிகளாக மாறிக் குட்டி போட்டுவிட்டுத் திரும்பி வருகிறார்கள். முப்பது வருடமாகியும் அதற்கு மன்னிப்பு கிடைக்கவில்லை. கிடைக்கவும் வேண்டாம்.

2001இல் வந்த 'என்டர்பிரைஸ்' தொடருக்கு எதிர்ப்பு கதைக்காகக்கூட அல்ல, டைட்டில் பாட்டுக்காகவே கிளம்பியது! கம்பீரமான இசை இருந்த இடத்தில் ஒரு மென்மையான பாப் பாட்டு. மாற்றச் சொல்லிக் கையெழுத்து இயக்கம் நடந்தது. நான்காவது சீசனில் கதை தேறிய நேரம் பார்த்து 2005இல் நிறுத்திவிட்டார்கள். கடைசி எபிசோடை நெக்ஸ்ட் ஜெனரேஷன் பாத்திரங்களின் பார்வையில் சொல்லி, சொந்த ஆட்களை விருந்தாளிகள் ஆக்கியது மிச்சமிருந்த ரசிகர்களையும் கோபப்படுத்தியது.

இந்த இடத்தில் க்ளிங்கான்களின் நெற்றியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1960களில் பணம் இல்லை. கொஞ்சம் கறுப்புச் சாயமும் மீசையும் வைத்தால் க்ளிங்கான். 1979இல் பணம் வந்ததும் நெற்றியில் எலும்பு மேடு வந்தது. ஏன் மாறியது? மேக்கப் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ரசிகர்கள் விடுவார்களா? பதினேழு வருடம் கேட்டார்கள். 1996இல் டீப் ஸ்பேஸ் நைன் ஆட்கள் காலப் பயணம் செய்து பழைய என்டர்பிரைஸுக்கே போகிறார்கள். அங்கே மேடு இல்லாத க்ளிங்கான்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் தங்களுடைய க்ளிங்கான் நண்பர் வோர்ஃபைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர் முகத்தை இறுக்கிக்கொண்டு, வெளியாட்களிடம் நாங்கள் அதைப் பேசுவதில்லை என்று முடித்துவிடுகிறார். அருமையான பதில். அதோடு விட்டிருக்கலாம். 2005இல் மரபணு, வைரஸ் என்று இரண்டு எபிசோட் செலவு செய்து விளக்கமே கொடுத்துவிட்டார்கள். விளக்கம் கிடைத்ததும் நகைச்சுவை போய்விட்டது.

2009இல் ஜே.ஜே. ஆப்ரம்ஸ் எடுத்த படம் இளம் கிர்க், இளம் ஸ்பாக் என்று எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கியது. கால ஓட்டம் வேறு கிளையில் பிரிந்துவிட்டது என்று சொல்லிப் பழைய கதைகளைத் தொடாமல் காப்பாற்றிக்கொண்டார்கள். படம் பெரிய வெற்றி. அப்போது 'தி ஆனியன்' என்ற நையாண்டிப் பத்திரிகை, படம் ஜாலியாகவும் பார்க்கும்படியாகவும் இருப்பதாக ரசிகர்கள் புகார் சொல்கிறார்கள் என்று ஒரு போலிச் செய்தி வீடியோ போட்டது. ரசிகர்களே அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

2013இன் 'இன்ட்டு டார்க்னஸ்' சிரிக்க விடவில்லை. கான் மீண்டும் வருகிறான் என்பதைக் கடைசிவரை மறைத்தார்கள். அப்படி மறைத்தது தவறு என்று ஆப்ரம்ஸே பின்னர் ஒப்புக்கொண்டார். அந்த ஆகஸ்டில் லாஸ் வேகஸ் மாநாட்டுக்கு வந்திருந்த ரசிகர்கள் எல்லாப் படங்களையும் தரவரிசைப்படுத்தியபோது இதைக் கடைசி இடத்தில் வைத்தார்கள். அரங்கில் இருந்தவர்களின் வாக்குதான், பெரிய கணக்கெடுப்பு அல்ல. ஆனால் கோபத்தின் அளவு தெரிகிறது. கான் நூனியன் சிங் வட இந்தியாவைச் சேர்ந்தவன் என்பது 1967 கதை. அப்போது நடித்தவர் மெக்சிகோவின் ரிக்கார்டோ மொண்டல்பான். 46 வருடம் கழித்து நடித்தவர் வெள்ளைக்கார பெனடிக்ட் கம்பர்பேட்ச். இரண்டு முறையும் ஒரு இந்திய நடிகர் கிடைக்கவில்லையாம்!

பிடிக்காத ரசிகர்கள் தாங்களே எடுத்தால்? அதுவும் நடந்தது. 'ஆக்சனார்' என்ற ரசிகர் படத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை சேர்ந்தது. 2015 டிசம்பரில் பாரமவுண்ட்டும் சிபிஎஸ்ஸும் வழக்குப் போட்டன. 2016இல் ரசிகர் படங்களுக்கு விதிகள் வந்தன: ஒரு கதை 15 நிமிடம், இரண்டு பாகம் சேர்ந்தால் 30, வசூல் 50,000 டாலருக்கு மேல் கூடாது. 2017 ஜனவரியில் சமரசம். 1968இல் கடிதம் எழுதிக் காப்பாற்றிக் கொடுத்த சொத்து யாருடையது என்பதற்கு எழுத்து மூலமான பதில் அதுதான்.

அதே வருடம் செப்டம்பரில் 'டிஸ்கவரி' வந்தது. நாயகி மைக்கேல் பர்ன்ஹாம் கறுப்பினப் பெண். இதுவரை யாரும் கேள்விப்படாத ஸ்பாக்கின் வளர்ப்புச் சகோதரி. அரசியல் அதிகம் என்று ஒரு தரப்பு கத்தியது. அவர்களுக்கு 1968 நவம்பரில் கிர்க்கும் உஹுராவும் முத்தமிட்டதும், பனிப்போர் நடுவே கப்பலில் ஒரு ரஷ்யர் உட்கார்ந்திருந்ததும், வியட்நாம் போரைப் பற்றியே ஒரு கதை வந்ததும் ஞாபகம் இல்லை போலும். ஆனால் எல்லா எதிர்ப்பையும் அந்தக் கூடையில் போடுவதும் சரியல்ல. கிர்க்குக்குப் பத்து வருடம் முன்பு நடக்கும் கதையில், கிர்க் கனவிலும் காணாத காளான் வித்து இயந்திரம் எப்படி வந்தது? வாரம் ஒரு கதை என்ற வடிவம் எங்கே போயிற்று? இதெல்லாம் நேர்மையான கேள்விகள். அதே மாதம் சேத் மெக்ஃபார்லேன் ஆரம்பித்த 'தி ஆர்வில்' என்ற சீரியலைக் காட்டி, பெயர் வேறாக இருந்தாலும் இதுதான் நிஜ ட்ரெக் என்றார்கள் பலர்.

க்ளிங்கான்களின் தலை மறுபடி மாறியிருந்தது, இந்த முறை முடியே இல்லை! 2019இல் இரண்டாவது சீசனில் முடி திரும்பி வந்தது, போர்க்காலத்தில் மழித்துக்கொண்டார்களாம். சீசன் முடிவில் கப்பலைத் தொள்ளாயிரம் வருடத்துக்கு அப்பால் அனுப்பிவிட்டு, இந்தக் கப்பலைப் பற்றி இனி யாரும் பேசவே கூடாது என்று ஸ்பாக் ஆலோசனை சொல்கிறார். ஆக, ஸ்பாக் ஏன் தன் சகோதரியைப் பற்றி ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்ற கேள்வியும் தீர்ந்தது. வோர்ஃப் சொன்ன அதே பதில்தான், கொஞ்சம் செலவு அதிகம். 2022இல் வந்த 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' வாரம் ஒரு கதைக்குத் திரும்பிப் பழையவர்களைச் சமாதானப்படுத்தியது. அடுத்த வருடமே அதில் எல்லோரும் பாட்டுப் பாடும் ஒரு எபிசோட், க்ளிங்கான்கள் பாய்பேண்ட் மாதிரி ஆடுவது உட்பட... சமாதானம் முடிந்தது.

2023இல் 'பிகார்ட்' தொடரின் மூன்றாவது சீசன். முதல் இரண்டு சீசனைத் திட்டித் தீர்த்தவர்களுக்காகவே எடுத்தது போல, நெக்ஸ்ட் ஜெனரேஷன் ஆட்கள் எல்லோரும் வயதாகி, நரைத்துத் திரும்பி வருகிறார்கள். கடைசிக்கு முந்தைய எபிசோடில் பழைய என்டர்பிரைஸின் மேல்தளம் இருட்டிலிருந்து விளக்கேற்றி எழுகிறது. முழுக்கப் புதிதாகக் கட்டிய செட். ஹோட்டல் வரவேற்பறை மாதிரி இருக்கிறது என்று ஒரு காலத்தில் கிண்டல் செய்யப்பட்ட அதே மேல்தளம். அந்தப் பழுப்பு நிறத் தரைவிரிப்போடு. எண்பது வயதைத் தாண்டிய பாட்ரிக் ஸ்டூவர்ட் உள்ளே வந்து சுற்றிப் பார்க்கிறார். ரொம்ப நாளாக ஏங்கியது எதற்காகத் தெரியுமா, இந்தத் தரைவிரிப்புக்காகத்தான் என்கிறார். 1987இல் அந்த வழுக்கைத் தலையைப் பார்த்து டிவியை அணைத்த தலைமுறைக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. அந்தத் தரைவிரிப்பைப் பார்த்துக் கண் கலங்கியவர்களில் அவர்களும் இருந்தார்கள்.